ஆப்கான் கடைத்தெருவுக்குப் பலகை எழுதும் முன்: பஷ்தூ எழுத்தைப் படிக்க, எழுத

காந்தஹார் கடைத்தெரு ஒன்று வேண்டும் என்று ஆர்ட் டைரக்டர் சொல்லிவிட்டால், மண் சுவரும் மரக் கதவும் தொங்கும் கம்பளமும் கோடம்பாக்கத்துக்குப் பெரிய விஷயமே இல்லை. சிக்கல் பலகையில்தான். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு வரியை எடுத்து ஃப்ளெக்ஸில் அடித்து மாட்டிவிடுவார்கள். சேர்ந்திருக்க வேண்டிய எழுத்துகள் பிரிந்து கிடக்கும்; வலமிருந்து ஓட வேண்டிய சொல் இடமிருந்து திரும்பி நிற்கும். முன்பு இது யார் கண்ணிலும் படாமல் போனது. இப்போது படம் ஓடிடி தளத்துக்கு வந்தால் பெஷாவரிலும் துபாயிலும் இருப்பவர்கள் காட்சியை நிறுத்தி வைத்துப் படிக்கிறார்கள்.

ஆர்ட் அசிஸ்டென்ட், போர்டு ஆர்ட்டிஸ்ட், டைட்டில் டிசைனர், டிடிபி வேலை செய்பவர் ஆகியோருக்காக இந்த அத்தியாயம். பஷ்தூ மொழி இதில் கிடைக்காது, எழுத்து மட்டும்தான். முடிக்கும்போது ஒரு பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பீர்கள், கொடுத்த சொல்லைப் பிழையின்றி எழுதுவீர்கள், தப்பான பலகையைக் கண்டால் தூக்கி ஓரம் வைப்பீர்கள். செட் வேலைக்கு இது போதும்.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

ஆப்கானிஸ்தானின் இரு பெரிய மொழிகள் பஷ்தூவும் தாரியும். பாகிஸ்தானில் கைபர் பக்தூன்க்வாவிலும் பலூசிஸ்தானின் வடக்கிலும் பஷ்தூ பேசுகிறார்கள். எழுத்து, அரபி எழுத்திலிருந்து வந்தது. அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியும் வளையமும் போட்டுப் புது எழுத்துகள் சேர்த்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் பாயஸீத் அன்சாரி என்ற பீர் ரோஷான் எழுதிய நூலில் இப்படிப்பட்ட முயற்சி காணப்படுகிறது. இன்று வழக்கமாக 44 எழுத்து என்று எண்ணுவார்கள். சிலர் 45 என்பார்கள்.

நம் ஊரிலும் இதே வேலை நடந்திருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளி வைத்தார்கள். வீட்டில் பெரியவர் யாராவது அரபுத்தமிழ் படிப்பவராக இருந்தால், இந்த அத்தியாயத்தில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கையில் இருக்க வேண்டியவை

1. கைப்பேசியில் பஷ்தூ விசைப்பலகை. அமைப்புகளில் மொழிப் பட்டியலுக்குப் போய்ப் பஷ்தூவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரபி, உருது, பாரசீக விசைப்பலகைகளில் வளைய எழுத்துகள் இருக்காது, அவற்றைச் சேர்த்து ஏமாறாதீர்கள். கீழே நான் விவரிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் உடனே தட்டி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.
2. ரெட்டைக் கோடு நோட்டு ஒன்று.
3. பட்டை முனைப் பேனா. கிடைக்காவிட்டால் ஐஸ் குச்சியின் நுனியைச் சாய்வாகச் சீவி மையில் தொட்டு எழுதலாம். பலகை வேலைக்கு ஃபிளாட் பிரஷ்.

உருண்டை முனை பால்பாயின்ட் பேனா படிக்கப் பழக உதவும். பலகைக்கு எழுதிப் பழக உதவாது. தடிமனும் மெலிவும் அதில் வராது.

முதல் படி: 44ஐப் பத்துப் பன்னிரண்டு ஆக்குங்கள்

அகர வரிசையில் மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வரிசை வேண்டாம், குடும்பமாகப் பிரியுங்கள். ஒரே உடல், மேலும் கீழும் மாறுவது புள்ளி மட்டும்.

1. படகுக் குடும்பம், ஐந்து பேர். கீழே ஒரு புள்ளி என்றால் ‘பஸ்’ என்பதில் வரும் ப. கீழே மூன்று என்றால் ‘படம்’ என்பதில் வரும் ப. மேலே இரண்டு, த. மேலே மூன்று, ஸ. மேலே இரண்டு புள்ளியோடு கீழே வளையமும் இருந்தால் ட.
2. வயிற்றுக் குடும்பம், ஆறு பேர். வயிற்றுக்குள் ஒரு புள்ளி, ஜ. உள்ளே மூன்று, ‘பச்சை’யில் வரும் ச. ஒன்றும் இல்லை, ஹ. மேலே ஒன்று, தொண்டையை உரசும் க்ஹ. மேலே மூன்று, த்ஸ. மேலே ஹம்ஸா என்ற சிறு கொக்கி, அந்த த்ஸவையே அதிர்வோடு சொல்லும் ஒலி. கடைசி இரண்டும் பஷ்தூவுக்கே உரியவை.
3. தால் குடும்பம், மூன்று. வெறுமை, த (‘தயிர்’ அல்ல, ‘தர்பார்’). மேலே புள்ளி, அதிரும் ஸ. கீழே வளையம், ‘டாக்டர்’ என்பதில் வரும் ட.
4. ரே குடும்பம், ஐந்து. வெறுமை, ர. மேலே ஒரு புள்ளி, அதிரும் ஸ. மேலே மூன்று, அதிரும் ஷ. கீழே வளையம், ‘நாடு’ என்று சொல்லும்போது நாக்கு சட்டென்று தட்டித் திரும்பும் ட. மேலே ஒன்று கீழே ஒன்று, இதைப் பற்றிப் பிறகு.
5. பல் குடும்பம், மூன்று. மூன்று பல், வெறுமை, ஸ. மேலே மூன்று புள்ளி, ஷ. மேலே ஒன்று கீழே ஒன்று, இதுவும் பிறகு.
6. நூன் இரட்டையர். கிண்ணம் போல ஆழம். மேலே புள்ளி, ந. அதோடு கீழே வளையம் சேர்ந்தால் ண.
7. காஃப் இரட்டையர். சாய்ந்த கை உள்ள எழுத்து. வெறுமை, ‘கடல்’ க. வளையம் ஒட்டினால், ‘கேஸ் அடுப்பு’ க.

ஸ்வாத், ஸ்வாதுக்குப் புள்ளி போட்டது, த்வே, அதற்குப் புள்ளி போட்டது, அய்ன், கைன், ஃபே, காஃபின் அரபித் தம்பியான இரு புள்ளி கஃப் ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கைன் ஒன்றைத் தவிர இவை பெரும்பாலும் அரபிச் சொற்களில்தான் வரும். மிச்சம் அலிஃப், லாம், மீம், வாவ், ஹே, பிறகு ஐந்து யே.

கூட்டிப் பார்த்தால் ‘ஸ’வுக்கு மூன்று எழுத்து, அதிரும் ‘ஸ’வுக்கு நான்கு என்று தெரியும். படிக்கும்போது இதனால் தொல்லை இல்லை. எழுதும்போது மட்டும் ஊகிக்கக் கூடாது: சொல்லை அச்சில் பார்த்துத்தான் எழுத வேண்டும். நம்மூரில் ண, ன, ந மூன்றையும் காது மட்டும் நம்பி எழுதினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் படி: வளையத்தைப் பிடியுங்கள்

தமிழ் வாய்க்கு இந்த எழுத்து முறையில் பெரிய வசதி ஒன்று உண்டு. நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளைக் கற்க அரபி பேசுபவரும் ஆங்கிலேயரும் மாதக்கணக்கில் திணறுவார்கள். ட, ண சொல்லி வளர்ந்த நமக்கு அவை ஏற்கெனவே வாயில் இருக்கின்றன. பஷ்தூ அந்த ஒலிகளுக்கெல்லாம் ஒரே அடையாளம் வைத்திருக்கிறது: கீழே குட்டி வளையம்.

வளையம் உள்ள எழுத்து ஐந்து. நான்கில் நாக்கு மடியும். ஐந்தாவது காஃப், அங்கே வளையம் ஒலியை மென்மையாக்குகிறதே தவிர, நாக்கு மடிவதில்லை. ‘வளையம் என்றால் ட வகை’ என்று மட்டும் நினைவில் வைத்தவர்கள் இந்த இடத்தில் தவறுவார்கள்.

உருதுவில் இதே ட ஒலிக்கு எழுத்தின் தலையில் சின்ன ‘த்வே’யை உட்கார வைப்பார்கள். திருவல்லிக்கேணியில் உருது எழுதத் தெரிந்த ஒருவரிடம் பஷ்தூப் பலகையைக் கொடுத்தால், கைப்பழக்கத்தில் வளையத்துக்குப் பதில் அதைப் போட்டுவிடக்கூடும். பலகை அழகாகவே இருக்கும், ஆனால் உருதுப் பலகையாக இருக்கும்.

மூன்றாம் படி: எது ஒட்டும், எது ஒட்டாது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். படிப்பவரைத் தடுக்கி விடுவதும், பலகையைக் காட்டிக் கொடுப்பதும் இந்த ஒட்டுதான்.

எழுத்துகள் வலமிருந்து இடமாகக் கைகோத்துப் போகும். பத்து எழுத்து மட்டும் தனக்கு இடப்பக்கம் வரும் எழுத்துக்குக் கை கொடுக்காது: அலிஃப், தால் குடும்பத்து மூவர், ரே குடும்பத்து ஐவர், வாவ். வலப்பக்கத்து எழுத்து கொடுக்கும் கையை இவை பிடித்துக்கொள்ளும், அதோடு சொல் அந்த இடத்தில் அறுந்துவிடும். அடுத்த எழுத்து புதிதாகத் தொடங்கும்.

பயிற்சி இப்படி:

1. ‘டோடெய்’ என்று தட்டுங்கள். ரொட்டி, சாப்பாடு இரண்டுக்கும் இந்தச் சொல்தான். வளையத் தால், வாவ், வளையத் தால், வால் வைத்த யே. முதல் மூன்றும் ஒட்டாதவை, ஆகவே நான்கு எழுத்தும் தனித்தனியே நிற்கும். முதல் பாடத்துக்கு இதைவிட எளிய சொல் கிடைக்காது.
2. ‘பாஸார்’: பே, அலிஃப், ஸே (ரே குடும்பத்தில் மேலே ஒரு புள்ளி வைத்தது), அலிஃப், ரே. பேயும் அலிஃபும் ஒட்டும், மற்றவை தனி. நான்கு துண்டு.
3. ‘ஹோட்டல்’: ஹே, வாவ், வளையத் தே, லாம். இரண்டு துண்டு.
4. ‘ரோக்தூன்’, மருத்துவமனை: ரே, வாவ், கைன், தே, வாவ், நூன். ரே தனி, வாவ் தனி, கைன்-தே-வாவ் ஒரு துண்டு, நூன் தனி. நான்கு துண்டு.
5. ‘தர்மல்தூன்’, மருந்துக் கடை: தால், ரே, மீம், லாம், தே, வாவ், நூன். எத்தனை துண்டு என்று நோட்டில் எழுதிவிட்டு, பிறகு கைப்பேசியில் தட்டிச் சரிபாருங்கள். நான்கு வர வேண்டும்.

குறிப்பு: ‘தூன்’ என்ற முடிவு இடத்தைக் குறிக்கும். பல்கலைக்கழகம் ‘போஹன்தூன்’. தே-வாவ்-நூன் என்ற இந்த முடிவைக் கண் பழகிக்கொண்டால், ஆப்கான் நகரப் படங்களில் ஆஸ்பத்திரியையும் மருந்துக் கடையையும் தூரத்திலேயே பிடித்துவிடலாம்.

ஒட்டும்போது எழுத்தின் வால் போய்விடும். படகுக் குடும்பம், நூன் இரட்டையர், யே எல்லாம் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் ஒரே ஒரு சிறு பல்லாகச் சுருங்கிவிடுகின்றன. அப்போது புள்ளிதான் ஆள் அடையாளம். பல்லின் மேல் ஒரு புள்ளி நூன், கீழே ஒன்று பே. மேலே இரண்டு தே, கீழே இரண்டு யே. மேலே ஒன்றும் கீழே வளையமும் ண. ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறும். பெயிண்ட் சொட்டிய பலகையைத் துடைக்கும்போது இதை மறக்காதீர்கள். துடைத்த துணி ஒரு புள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

லாமுக்குப் பின் அலிஃப் வந்தால் இரண்டும் சேர்ந்து தனி உருவம் எடுக்கும். ‘ஸலாம்’ என்று தட்டிப் பாருங்கள். ஹே தொடக்கத்தில் ஒரு முகம், நடுவில் இன்னொரு முகம், கடைசியில் வேறு முகம் காட்டும். இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

நான்காம் படி: எழுதாத உயிரைப் படிப்பது

தமிழில் உயிர் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். இங்கே குறில்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ‘தர்மல்தூன்’ என்பதில் உள்ள இரண்டு அகரமும் பலகையில் கிடையாது. நெடிலில் ஆ அலிஃபிலும், ஊ, ஓ இரண்டும் வாவிலும், ஈ, ஏ யேயிலும் அடங்கும். சொல்லின் கடைசியில் அகரம் வந்தால் ஹே எழுதுவார்கள். அதை ‘ஹ’ என்று வாசிக்க வேண்டாம்.

அகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவே தேய்ந்து ஒலிக்கும் ஓர் உயிரும் உண்டு. ‘அவன் வந்து போனான்’ என்பதை வேகமாகச் சொன்னால் ‘வந்து’வின் கடைசியில் உதடு குவியாமல் வருமே, கிட்டத்தட்ட அந்த ஒலி. அதுவும் பெரும்பாலும் எழுத்தில் வராது.

ஆகவே தெரியாத சொல்லை எழுத்தை மட்டும் வைத்துச் சரியாக உச்சரிக்க முடியாது. பலகை வேலைக்கு அது தேவையும் இல்லை. வசனம் பேச வேண்டிய நடிகருக்கு நீங்கள் பலகையைப் படித்துச் சொல்லித் தராதீர்கள், அது மொழி தெரிந்தவரின் வேலை.

ஐந்து யே

இங்கே நிதானமாகப் போங்கள். யே ஐந்தும் கடைசி எழுத்தாக வரும்போதுதான் தெளிவாக வேறுபடும். நடுவில் பெரும்பாலும் இரண்டு வடிவம்தான்.

1. புள்ளி இல்லாதது: ‘அய்’ என்று முடியும். ‘ஸடய்’, ஓர் ஆண்.
2. கீழே இரண்டு புள்ளி பக்கம் பக்கமாக: ‘ஈ’. ‘ஸடீ’, ஆண்கள்.
3. கீழே இரண்டு புள்ளி மேலும் கீழுமாக: ‘ஏ’.
4. வால் வைத்தது: பெண்பால் பெயர்ச்சொற்களின் ‘எய்’. மேலே பார்த்த டோடெய், நாற்காலி என்ற பொருள் தரும் ‘குர்ஸெய்’.
5. மேலே ஹம்ஸா வைத்தது: வினைச்சொற்களில் ‘நீங்கள்’ என்பதற்கு வரும் முடிவு. ‘வாருங்கள்’ என்பதற்கு ‘ராத்ஸெய்’ என்பது போல (த்ஸவை அதிர்வோடு சொல்ல வேண்டும்).

ஒன்றுக்கும் இரண்டுக்கும் வேறுபாடு இரு புள்ளிதான், அதில் ஒருமை பன்மையாகிவிடுகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் புள்ளி நிற்கும் திசைதான் வேறுபாடு. பலகை எழுதுபவர் ‘ரெண்டு புள்ளிதானே, எப்படி வெச்சா என்ன’ என்று கேட்பார். ‘இல்லண்ணே, மேலும் கீழுமா வெச்சாத்தான் ஏ’ என்று சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

காந்தஹாரா, பெஷாவரா?

பல் குடும்பத்திலும் ரே குடும்பத்திலும் ‘பிறகு’ என்று தள்ளி வைத்த இரண்டுக்கு வருவோம். மேலே ஒன்று கீழே ஒன்று புள்ளி வைத்த பல் எழுத்தை, காந்தஹார் பக்கம் நாக்கை மடித்த ‘ஷ’வாகச் சொல்வார்கள், பெஷாவர் பக்கம் ‘க்ஹ’ ஆகிவிடும். பஷ்தூ என்றும் பக்தூ என்றும் நாம் கேட்கும் இரண்டும் ஒரே எழுத்தின் இரண்டு உச்சரிப்பு. எல்லை காந்தி என்று நாம் அழைக்கும் கான் அப்துல் கஃபார் கான் 1928இல் தொடங்கிய பத்திரிகையின் பெயரை அவர் ஊரில் ‘பக்தூன்’ என்பார்கள். அதே எழுத்துகளைக் காந்தஹார்க்காரர் ‘பஷ்தூன்’ என்று படிப்பார். ரே குடும்பத்து இணை எழுத்து காந்தஹாரில் நம் ‘ழ’வைக் கொஞ்சம் உரசிச் சொன்னது போலவும், பெஷாவரில் ‘கேஸ்’ க போலவும் ஒலிக்கும்.

ஒலி ஊருக்கு ஊர் மாறினாலும் எழுத்து மாறாது. உங்கள் வேலைக்கு இது நல்ல செய்தி. ஆனால் வேறு சில எழுத்துகள் எல்லைக்கு இரு பக்கமும் மாறும்:

1. ‘கேஸ்’ கவுக்கு ஆப்கானிஸ்தானில் வளையக் காஃப். பாகிஸ்தானில் உருதுவில் போல மேலே இரட்டைக் கோடு போட்டதும் புழங்குகிறது.
2. ‘அய்’ முடிவுக்கு ஆப்கானிஸ்தானில் புள்ளியில்லா யே. பாகிஸ்தானில் பின்பக்கமாக வலம் நோக்கி மடங்கும் பெரிய யே, இதுவும் உருதுப் பழக்கம்.

இந்த வேறுபாடுகளைக் குறைத்துப் பொது எழுத்து முறைக்கு வர 1958இல் காபூலிலும் 1990இல் அப்போட்டாபாத் பக்கத்து பாரா கலியிலும் கூடிப் பேசினார்கள். பழக்கம் முழுதும் போய்விடவில்லை. ஆகவே திரைக்கதையில் கடை எந்த ஊரில் இருக்கிறது என்று டைரக்டர் டிபார்ட்மென்ட்டில் கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.

காபூல் தெரு என்றால் இன்னொரு கேள்வி வரும்: பலகை பஷ்தூவிலா, தாரியிலா? காபூலில் தாரி அதிகம். அரசுப் பலகைகளில் இரண்டும் இருக்கலாம். எது எது என்று பிரிக்க வளையத்தைத் தேடுங்கள். வளையமோ, மேல்-கீழ் புள்ளியோ கண்ணில் பட்டால் பஷ்தூ. ஒரு நீண்ட பத்தியில் ஒன்றுகூட இல்லை என்றால் பெரும்பாலும் தாரி.

ஐந்தாம் படி: கையால் எழுதுவது

பஷ்தூ அச்சிலும் பலகையிலும் நேர்கோட்டில் உட்காரும் நஸ்க் பாணிதான் அதிகம். உருதுவுக்கு உரிய, சரிந்து இறங்கும் நஸ்தாலிக் பாணி வேறு. 1927இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கி, திருவல்லிக்கேணியில் பல பத்தாண்டுகள் கையால் எழுதி அச்சான ‘தி முசல்மான்’ நாளிதழின் எழுத்து நஸ்தாலிக். அதைப் பார்த்துப் பேனா பிடிப்பதையும் அழுத்தத்தையும் கற்கலாம். எழுத்துருவை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

1. பேனாவைச் சாய்த்து ஒரு முறை அழுத்தி எடுங்கள். சாய்சதுரப் புள்ளி விழும். அதுதான் அளவுகோல்.
2. அலிஃபின் உயரத்தைப் புள்ளியால் அளந்துகொள்ளுங்கள்; நஸ்க்கில் வழக்கமாக ஐந்து புள்ளி. மற்ற எழுத்துகளின் உயரமும் அகலமும் இதிலிருந்து வரும்.
3. ஒரு துண்டின் உடலை முழுதும் கையெடுக்காமல் எழுதுங்கள். பிறகுதான் புள்ளியும் வளையமும். எழுத்துக்கு எழுத்து நின்று புள்ளி வைத்தால் ஒட்டு நெளியும்.
4. துண்டுக்குத் துண்டு இடைவெளி சிறிது, சொல்லுக்குச் சொல் பெரிது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் படிக்கவே முடியாது.
5. பலகையில் வலது ஓரத்திலிருந்து அளந்து குறியுங்கள். தமிழ்ப் பலகைப் பழக்கத்தில் இடது ஓரத்தில் சாக்பீஸ் வைத்தவர்களுக்குக் கடைசி எழுத்து சட்டத்துக்கு வெளியே போகும்.

வலக்கைக்காரர்களுக்கு ஒரு தொல்லை: எழுதி முடித்த ஈர எழுத்தின் மேலேயே கை உட்காரும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வரிக்குக் கீழே கையை இறக்கி எழுதுங்கள். இடக்கைக்காரர்கள் வாழ்க்கையில் ஒரு முறையாவது நிம்மதியாக எழுதலாம்.

எண்கள்

சுழியம் ஒரு புள்ளி. ஒன்று ஒரு செங்குத்துக் கோடு. ஏழும் எட்டும் ஒன்றையொன்று கவிழ்த்தது போல் இருக்கும், பலகையைத் தலைகீழாக மாட்டினால் மாறிப்போகும். நான்கும் ஐந்தும் ஆறும் அரபு நாட்டு வடிவங்களிலிருந்து வேறுபடும்; பஷ்தூ விசைப்பலகையில் வருவதையே எழுதுங்கள். சொல் வலமிருந்து ஓடினாலும் எண் நம்மைப் போலவே இடமிருந்து வலம்.

நாள்காட்டியோ சுவரொட்டியோ மாட்டுவதாக இருந்தால், ஆப்கான் சூரிய ஆண்டு மார்ச் 21 வாக்கில் பிறக்கிறது. அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு நம் ஆண்டிலிருந்து 621 கழிக்க வேண்டும். 2001 மார்ச் இறுதிக்குப் பின் நடக்கும் காட்சிக்கு 1380.

கணினியில் நடக்கும் விபத்து

செட்டில் மாட்டும் தப்பான பலகைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. சொல் சரியாகவே இருக்கும். டிசைன் மென்பொருளில் ஒட்டியதும் எழுத்துகள் பிரிந்து, வரிசை திரும்பிவிடும். யூனிகோடு தமிழை ஒட்டும்போது ‘கொ’வின் கொம்பு தனியே பறந்ததைப் பார்த்த டிடிபிக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

1. ஃபோட்டோஷாப் போன்றவற்றில் மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான எழுத்து அமைப்பை விருப்பங்களில் இயக்குங்கள்.
2. பத்தியின் திசையை வலமிருந்து இடம் ஆக்குங்கள். வலப்பக்கம் ஒதுக்குவது வேறு, திசை மாற்றுவது வேறு.
3. எழுத்துருவில் வளைய எழுத்து ஐந்தும் இருக்கின்றனவா என்று முதலில் தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் வெற்றுக் கட்டமோ, வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிய ஒட்டாத எழுத்தோ வரும்.
4. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும் வேலையே வேண்டாம். ஒட்டு அறுந்துவிடும்.
5. அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தை வடிவமாக மாற்றி, கைப்பேசியில் தட்டிய சொல்லோடு துண்டு துண்டாக ஒப்பிடுங்கள். துண்டு எண்ணிக்கை சரியாக இருந்தால் பாதிப் பயம் போகும்.
6. படத்தைக் கண்ணாடி போல் திருப்பும் கட்டளையை, காட்சி அமைப்புக்காகக்கூட, பலகை தெரியும் ஷாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று எடிட்டிங் பக்கம் சொல்லி வையுங்கள்.

பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போக வேண்டாம்

இதே எழுத்தில்தான் குர்ஆன் வசனங்களும் இறைவன் பெயரும் எழுதப்படுகின்றன. கண்ணுக்கு ‘அழகான அரபு வரி’யாகத் தெரிவது என்ன என்று அறியாமல் எடுத்து, மிதிக்கும் இடத்தில், எரிக்கும் கடையில், வெடிக்கும் வண்டியில் ஒட்டுவது பெரிய ஆபத்து. ஆப்கானிஸ்தானைப் பெரும்பகுதிக் களமாகக் கொண்ட ‘விஸ்வரூபம்’ 2013இல் தமிழ்நாட்டில் தடையைச் சந்தித்து, பேச்சுவார்த்தைக்குப் பின் பிப்ரவரி 7 அன்றுதான் இங்கே திரைக்கு வந்தது. எல்லா நியாய வாதங்களும் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆர்ட் டிபார்ட்மென்ட்டின் கவனக்குறைவால் ஒரு படத்துக்குச் சிக்கல் வரக் கூடாது.

1. பொருள் தெரியாத வரி எதையும் மாட்டாதீர்கள். ‘பாஸார்’, ‘ஹோட்டல்’ போன்ற சாதாரணச் சொற்களே போதும்.
2. தாலிபான் கொடி காட்சிக்குத் தேவை என்றால், வெள்ளைத் துணியில் எழுதியிருப்பது இஸ்லாத்தின் உறுதிமொழி என்பதை யூனிட் முழுக்கச் சொல்லி வையுங்கள். தரையில் போடுவது, மடித்து உட்காருவது, துடைக்க எடுப்பது கூடாது. படப்பிடிப்பு முடிந்ததும் அதை என்ன செய்வது என்று முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள்.
3. உண்மையான ஊர்ப் படத்திலிருந்து பலகையை அப்படியே எடுத்தால் கடைக்காரரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்ந்து வரும். இரண்டையும் மாற்றுங்கள்.
4. பழைய அச்சுத் தாள்களைப் பின்னணிக்கு ஒட்டும்போது ஒவ்வொன்றையும் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். சமயப் பக்கங்களாக இருந்தால் விலக்குங்கள்.
5. எழுத்து தெரிந்த தைரியத்தில் யாருக்கும் மருந்துச் சீட்டையோ சட்டத் தாளையோ படித்துச் சொல்லாதீர்கள். குறில் தெரியாமல் படித்த மருந்தின் பெயர் வேறு மருந்தாகிவிடும்.

சரிபார்க்க ஆள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் அரபி, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. எழுத்துருவின் அடிப்படை, நஸ்க் பாணி ஆகியவற்றைக் கேட்க அது சரியான இடம். ஆனால் பஷ்தூ சரியா என்பதைப் பஷ்தூ பேசுபவர்தான் சொல்ல முடியும். ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் இந்தியாவுக்குப் படிக்க வந்த ஆப்கான் மாணவர்களில் பஷ்தூக்காரர்களும் உண்டு. எடுத்த எடுப்பில் ‘நீங்கள் ஆப்கான்தானே, படியுங்கள்’ என்று நீட்டாதீர்கள். தாரி பேசுபவராக இருக்கலாம். முதலில் மொழியைக் கேளுங்கள். ஊரைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, விசாவைப் பற்றித் துருவ வேண்டாம். பார்க்கும் நேரத்துக்குப் பணம் பேசிக் கொடுங்கள். பெயர் போடலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் டைட்டிலில் போடாதீர்கள்.

அவரிடம் காட்டும்போது டிசைன் கோப்பைக் காட்டிப் பயனில்லை. பெயிண்ட் காய்ந்த பலகையை, மாட்டப்போகும் திசையிலேயே நிறுத்தி, நேராகப் படம் எடுத்து அனுப்புங்கள். அவர் எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தால் பலகை சரி. இழுத்து இழுத்துப் படித்தால், எந்தத் துண்டில் நின்றார் என்று கேட்டு அந்தத் துண்டை மட்டும் மறுபடி எழுதுங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை பலகையை லாரியில் ஏற்றாதீர்கள்.